ஸ்கொட்லாந்தில் ஒரு பழைய தேவாலயம்: அதன் கதையை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே தேடிப் பிடிப்பது எப்படி

அக்காவின் மகள் ஸ்கொட்லாந்தில் வீடு வாங்கப்போகிறாள் என்றதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். அது ஒரு பழைய தேவாலயத்தை உள்ளே பிரித்துக் கட்டிய ஃபிளாட் என்று தெரிந்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "சேமக்காலைக்குப் பக்கத்திலயோ?" என்பதுதான் அவ கேட்ட முதல் கேள்வி. மருமகள் விற்பனை விளம்பரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, நீங்கள்தானே பழைய கட்டடம், பழைய உறுதி எண்டு திரியிறனீங்கள், இதின்ர கதையை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

விளம்பரத்தில் இருந்தது ஒரே வரி. '18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முன்னாள் பாரிஷ் தேவாலயம்.' அந்த வரியில் முழுக்கச் சரியான சொல் 'முன்னாள்' மட்டும்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை போனது. நல்லூரில் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய லப்டொப்பை வைத்துக்கொண்டுதான் இந்த வேலை முழுவதும் நடந்தது. விமானம் ஏறத் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. ஆனால் ஒழுங்கு தெரியாமல் தொடங்கினால் என்னைப்போல முதல் கிழமை முழுக்கப் பிழையான தேவாலயத்தின் கதையை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்றையும் வேறாக வையுங்கள்

பற்று (பாரிஷ்), சபை, கட்டடம். இந்த மூன்றுக்கும் வெவ்வேறு வயது. பிழை விடுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள், விளம்பரம் எழுதியவர் உட்பட.

பாரிஷ் என்பது எங்களுக்குப் புதிய சங்கதி இல்லை. வீட்டில் இருக்கிற பழைய காணி உறுதியை எடுத்துப் பாருங்கள், 'கோயிற்பற்று' என்று ஒரு சொல் இருக்கும். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் ஒரு தேவாலயத்தை நடுவில் வைத்துச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்த பிரிவு அது. சில இடங்களில் அந்தத் தேவாலயம் இடிந்து, சங்கானையில் நிற்பதுபோல வெறும் சுவராகிவிட்டது. உறுதியில் மட்டும் கோயிற்பற்று அப்படியே நிற்கிறது. ஸ்கொட்லாந்தின் பாரிஷும் இதே மாதிரித்தான். பற்று 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியிருக்கலாம், அங்கே கூடிய சபை 1843இல் உருவானதாக இருக்கலாம், இப்போது நிற்கிற கற்கட்டடம் அதற்கும் பிறகு கட்டியதாக இருக்கலாம்.

இதையே மறுபக்கமாகவும் பாருங்கள். வட்டுக்கோட்டைத் தேவாலயம் போர்த்துக்கேயரிடம் கத்தோலிக்கக் கோயிலாக இருந்து, 1658க்குப் பிறகு ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குப் போய், பாழடைந்து கிடந்ததை 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் எடுத்துத் திருத்தி, 1947க்குப் பிறகு தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயம் ஆனது. இடம் ஒன்றுதான், சபை நான்கு. 'வட்டுக்கோட்டைத் தேவாலயம் எப்போது தொடங்கியது' என்று யாரும் கேட்டால் நாங்கள் உடனே 'எதைக் கேட்கிறீர்கள்' என்று திருப்பிக் கேட்போம்தானே. ஸ்கொட்லாந்துக் கட்டடத்திடமும் அதையே கேளுங்கள்.

பிரிந்ததையும் சேர்ந்ததையும் பாடமாக்குங்கள்

இது கொஞ்சம் அலுப்பான பகுதி, ஆனால் இதைத் தாண்டி ஓடினால் பிறகு ஒன்றும் விளங்காது. 1560இல் ஸ்கொட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புரட்டஸ்தாந்து நாடாகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பற்றுக்கும் அரசு ஏற்றுக்கொண்ட ஒரு தேவாலயம், அதுதான் பாரிஷ் தேவாலயம். 18ஆம் நூற்றாண்டில் சில கூட்டங்கள் கோபித்துக்கொண்டு வெளியேறித் தனித்தனிச் சபைகளாகின்றன. போதகரை யார் நியமிப்பது என்பதில்தான் பெரும்பாலான சண்டை. ஊர் நிலக்காரர் தனக்குப் பிடித்தவரைக் கொண்டுவந்து பீடத்தில் ஏற்றலாம் என்ற உரிமை இருந்தது, சனத்துக்கு அது பிடிக்கவில்லை.

பெரிய வெடிப்பு 1843 மே 18. எடின்பரோவில் அரசு ஏற்ற சபையின் பெரிய கூட்டமான பொதுச்சபை கூடிய அன்று, போதகர்மார் பலர் எழுந்து வெளியே நடந்து 'ஃப்ரீ சேர்ச்' என்ற புதிய சபையைத் தொடங்கினார்கள், நாட்டின் போதகர்மாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில் சேர்ந்தார்கள். சம்பளம், வீடு, தேவாலயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான புதிய தேவாலயங்கள் எழும்புகின்றன. காணி கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த நிலக்காரரும் இருந்தார்கள். ஸ்ட்ரோன்ஷியன் என்ற ஊரில் காணி கிடைக்காமல் இரும்பில் ஒரு மிதக்கும் தேவாலயத்தைச் செய்வித்து, 1846இல் கடலேரியில் நங்கூரம் போட்டு நிறுத்தி ஆராதனை நடத்தினார்கள். பிடிவாதத்தில் யாழ்ப்பாணத்தாருக்குக் குறைந்தவர்கள் இல்லை.

1847இல் பழைய பிரிவினைச் சபைகள் சில சேர்ந்து யுனைட்டட் பிரெஸ்பிட்டீரியன் சபை ஆகின்றன (பிரெஸ்பிட்டீரியன் என்றால் மூப்பர்மார் நடத்துகிற சபைமுறை). 1900இல் அதுவும் ஃப்ரீ சேர்ச்சின் பெரும்பகுதியும் சேர்ந்து யுனைட்டட் ஃப்ரீ சபை. 1929இல் அதன் பெரும்பகுதி தாய்ச்சபையான சேர்ச் ஒஃப் ஸ்கொட்லாந்துடன் சேர்ந்துவிடுகிறது. விளைவு என்ன? ஒரு சின்னப் பட்டணத்தில் ஒரே சபைக்குச் சொந்தமாக மூன்று பெரிய தேவாலயங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மண்டபமாக்குவார்கள், விற்பார்கள், கூரையைக் கழற்றி விடுவார்கள். அத்தோடு எது மிஞ்சியதோ அதற்கு 'பாரிஷ் தேவாலயம்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், அது தொடக்கத்தில் பாரிஷ் தேவாலயமாக இல்லாவிட்டாலும்.

கிளாஸ்கோவில் ஒரான் மோர் என்று ஒரு இடம். மதுச்சாலை, நாடக மேடை, மேலே அலஸ்டயர் கிரே வரைந்த பெரிய கூரை ஓவியம். 2004இல் அப்படித் திறக்க முன்னர் கெல்வின்சைட் பாரிஷ் தேவாலயம் என்று பெயர் பெற்ற கட்டடம் அது. ஆனால் 1862இல் அதைக் கட்டியது ஃப்ரீ சேர்ச்.

கட்டடத்தையே வாசியுங்கள்

இணையத்தைத் திறக்க முன் படம் கேளுங்கள். அங்கே இருக்கிற பிள்ளையை ஒரு சனிக்கிழமை கட்டடத்தைச் சுற்றி நடக்கவிடுங்கள், வீடியோ அழைப்பில் நீங்களும் கூடவே நடக்கலாம். நேர வித்தியாசம் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை. மாரியில் அங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும், அவர்களுடைய காலமையில் அழையுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் சேமக்காலை. கட்டடத்தைச் சுற்றிப் பழைய கல்லறைகள் இருந்தால் அது அநேகமாகப் பழைய பாரிஷ் இடம். தெருவோரத்தில் வீடுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு, ஒரு கல்லறையும் இல்லாமல் நின்றால் ஃப்ரீ சேர்ச்சாகவோ வேறு பிரிவாகவோ இருக்கச் சாத்தியம் கூட. பழைய சேமக்காலை வாசலில் சின்னக் கற்குடில் ஒன்று நின்றால் அது காவற்குடில். 1832க்கு முன்னர் மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்பதற்குப் பிணம் களவெடுக்கிற கூட்டம் இருந்தது, உறவினர் அந்தக் குடிலில் இரவிரவாகக் காவல் இருந்தார்கள். (இதை அக்காவுக்குச் சொல்லவில்லை.)

அடுத்தது திசை. 1560க்கு முந்திய கோயில் என்றால் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். சீர்திருத்தத்துக்குப் பிறகு பிரசங்கம்தான் பிரதானம் என்பதால் பிரசங்க பீடத்தைத் தெற்குப் பக்க நீளச் சுவரின் நடுவில் வைத்தார்கள், எதிர்ப்பக்கம் ஒரு கையை நீட்டிக் கட்டி 'T' வடிவமாக்கினார்கள், நிலக்காரருக்குத் தனி மாடம் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கட்டியவை எந்தத் திசையையும் மதிக்காது, தெருவைப் பார்த்து நிற்கும். வெளிச்சுவரில் வாசலுக்குப் பக்கத்தில் இரும்பு வளையம் ஏதும் சங்கிலியோடு தொங்கினால் அதையும் படம் எடுங்கள். குற்றம் செய்தவர்களை ஊர் பார்க்கக் கழுத்தில் மாட்டி நிறுத்திய வளையம் அது. இருந்தால் கட்டடம் நல்ல பழசு.

உள்ளே ஓர்கன் இருந்தாலோ, இருந்த தடம் தெரிந்தாலோ அது 1860களுக்குப் பிறகு வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அங்கே பிரெஸ்பிட்டீரியன் ஆராதனையில் வாத்தியம் வைப்பது பெரிய பாவம் மாதிரி, வாயாலேயே சங்கீதம் பாடினார்கள். கதவுக்கு மேல் வெட்டிய ஆண்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். பழைய கட்டடத்தின் கல்லைக் கழற்றிப் புதியதில் பதிக்கிற வழக்கம் உண்டு.

எங்களுக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தது ஓர்கன் இல்லை. கட்டடத்துக்கு உள்ளே பொது நடைபாதையின் சுவரில் முதலாம் உலகப்போரில் இறந்தவர்களின் பெயர்ப்பலகை இரண்டு இருந்தது. ஒரே ஊர், ஒரே போர், ஏன் இரண்டு பலகை? இரண்டு சபைகள் போருக்குப் பிறகு ஒன்றாகியிருக்கின்றன, மூடப்பட்ட தேவாலயத்தின் பலகையைக் கழற்றிக்கொண்டுவந்து மற்றதில் மாட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் இந்த ஊரில் இன்னொரு தேவாலயம் இருந்திருக்கவேண்டும்.

பிறகு வரைபடம்

ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகம் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நான் பார்த்த இணையத்தளங்களில் இதற்கு நிகரில்லை. ஓர்டினன்ஸ் சர்வே என்ற அரச நிலவளவை நிறுவனத்தின் பழைய படத்தை இன்றைய செய்மதிப் படத்துக்கு மேல் போட்டு, ஒரு பொத்தானை இழுத்து இழுத்துப் பார்க்கலாம். கிராமம் என்றால் ஒரு மைலை ஆறு அங்குலத்திலோ இருபத்தைந்து அங்குலத்திலோ வரைந்த படங்கள் போதும். பட்டணம் என்றால் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த பட்டணத் திட்டப்படம் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள், அதில் தேவாலயத்தின் பெயரோடு எந்தச் சபை, எத்தனை பேருக்கு இருக்கை என்றுகூட எழுதியிருக்கும்.

நான் அதைத் திறந்து மருமகளின் தெருவுக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் இரவு பன்னிரண்டு. அவளுடைய கட்டடத்தின் மேல் 'ஃப்ரீ சேர்ச்' என்று தெளிவாக எழுதியிருந்தது. பாரிஷ் தேவாலயம் என்று எழுதியது தெருவின் மற்ற முனையில், ஊர்ச் சேமக்காலையின் நடுவில். இன்றைய படத்தில் அதற்குக் கூரை இல்லை. விளம்பரம் எழுதியவர் இந்தக் கட்டடத்துக்கு அந்தக் கட்டடத்தின் வயதைக் கொடுத்துவிட்டார், நானும் முதல் கிழமை அதையே நம்பி அந்தப் பற்றின் பழைய போதகர்மாரின் பட்டியலை ஒரு கொப்பியில் வடிவாக எழுதி முடித்திருந்தேன்.

இனித்தான் கடதாசி

எந்தச் சபை என்று தெரிந்தபிறகுதான் ஆவணத்துக்குப் போகவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சபையும் கட்டடக் கணக்கை ஒவ்வொரு இடத்தில் எழுதி வைத்தது. இதை யாரும் எனக்கு முதலே சொல்லியிருந்தால் எத்தனையோ இரவு மிச்சம்.

பழைய பாரிஷ் தேவாலயம் என்றால் ஹெரிட்டர்ஸ் என்ற நிலக்காரர்களின் கூட்டக் குறிப்பைத் தேடுங்கள். தேவாலயத்தையும் போதகர் வீட்டையும் கட்டித் திருத்துவது சட்டப்படி அவர்கள் தலையில் இருந்த பொறுப்பு. 1925இல் வந்த சட்டம்தான் அந்தச் சுமையை இறக்கிக் கட்டடங்களைச் சபையின் பொது அறங்காவலரிடம் கைமாற்றத் தொடங்கியது. காசு தங்கள் கையால் போவதால் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒவ்வொரு சாக்குச் சுண்ணாம்புக்கும் சண்டை பிடித்திருப்பார்கள், அந்தச் சண்டையெல்லாம் எழுத்தில் இருக்கும். ஃப்ரீ சேர்ச் என்றால் டீக்கன்ஸ் கோர்ட் என்ற குழுவின் குறிப்பு, காசும் கட்டடமும் அவர்கள் பொறுப்பு. யுனைட்டட் பிரெஸ்பிட்டீரியன் என்றால் மனேஜர்மாரின் குறிப்பு.

இதற்கெல்லாம் மேலாக எல்லாச் சபைக்கும் கேர்க் செஷன், அதாவது மூப்பர் சபை, ஒன்று உண்டு. அதன் குறிப்பேடுகளை ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள் என்ற அரச ஆவணத் தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், பெரும்பாலும் 1900 வரை. பார்ப்பதற்குக் காசில்லை, இறக்கி வைத்துக்கொள்வதற்குத்தான் காசு. தாய்ச்சபையின் ஏடுகளுக்கு சி.எச். 2 என்றும் பிரிந்துபோன சபைகளுக்கு சி.எச். 3 என்றும் தொடங்கும் இலக்கம், நான் தொடக்கத்தில் இரண்டில்தான் தேடிக்கொண்டிருந்தேன், எனக்கு வேண்டியது மூன்றில் இருந்தது. ஒரு எச்சரிக்கை: 17, 18ஆம் நூற்றாண்டு மூப்பர் சபைக் குறிப்பில் கட்டடத்தைப் பற்றி இருப்பதைவிட ஊர்ப்பிரச்சினைதான் கூட. யார் ஓய்வுநாளில் வலை காயப்போட்டார், யாருக்குக் கலியாணத்துக்கு முன் பிள்ளை, யார் மனஸ்தாப முக்காலியில் சபைக்கு முன்னால் இருத்தப்பட்டார் என்று போகும். எங்கள் ஊர்ச் சங்கக்கடை வாசல் கதை தோற்றுப்போகும். இரண்டு இரவு அதிலேயே போனது, கட்டடத்தைப் பற்றி ஒரு வரியும் கிடைக்கவில்லை, நான் வருந்தவும் இல்லை. இன்னும் பழையதென்றால் எழுத்தே விளங்காது, பழைய காணிப் பதிவேடான தோம்பு வாசிக்கப் போனவர்களுக்கு அந்தத் தலையிடி தெரியும்.

ஸ்டட்டிஸ்டிக்கல் எக்கவுண்ட் என்ற தொகுப்பையும் பாருங்கள். 1790களில் சேர் ஜோன் சிங்க்ளேயர் என்பவர் நாடு முழுவதிலும் உள்ள பாரிஷ் போதகர்மாருக்கு நீண்ட கேள்விக்கொத்து அனுப்பி, வந்த பதில்களை 21 பாகமாக அச்சிட்டார். 1834 தொடக்கம் 1845 வரை இரண்டாவது தொகுப்பு. தேவாலயம் எப்போது கட்டியது, எத்தனை பேர் இருக்கலாம், கூரை ஒழுகுகிறதா என்பதையெல்லாம் போதகரே எழுதியிருப்பார், ஒழுகினால் நிச்சயம் எழுதியிருப்பார். ஆனால் எழுதியவர்கள் பாரிஷ் போதகர்மார், காலமும் 1845க்கு முந்தியது, ஆகவே ஃப்ரீ சேர்ச்சுகளைப் பற்றி அதில் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம்.

கட்டியவர் யார் என்பதற்கு ஸ்கொட்லாந்துக் கட்டடக்கலைஞர் அகராதி என்ற இணையத்தளம் இருக்கிறது, 1660 முதல் 1980 வரை. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் ஹிஸ்டோரிக் என்வயர்ன்மென்ட் ஸ்கொட்லண்ட் நிறுவனத்தின் பட்டியலில் ஏ, பி, சி என்று ஒரு வகையோடு சின்னக் குறிப்பு கிடைக்கும். வாங்கப்போகிறவர்கள் அதை வரலாற்றுக்காக மட்டும் வாசிக்கவேண்டாம், பட்டியலில் இருந்தால் சன்னலை மாற்றவும் அனுமதி தேவைப்படலாம். உறுதியைப் பொறுத்தவரை அங்கே 1617 முதல் பதிவேடு இருக்கிறது, 1981இல் தொடங்கிய புதிய காணிப்பதிவு வேறு, இந்தப் பக்கத்தை அவர்களுடைய சட்டத்தரணி பார்ப்பார், பிரதியை மட்டும் வாங்கி வையுங்கள்.

மூடியபிறகும் விடாதீர்கள்

கட்டடம் மூடப்பட்ட ஆண்டோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நல்ல பகுதி தப்பிவிடும். எடின்பரோவின் ட்ரோன் கேர்க்கைப் பாருங்கள் (கேர்க் என்றால் அங்கத்தைப் பேச்சில் தேவாலயம்). 1633இல் மன்னர் முதலாம் சார்ள்ஸ் சென் ஜைல்ஸ் தேவாலயத்தைப் பேராலயமாக்கியதால் அங்கே கூடிய ஒரு சபைக்கு இடமில்லாமல் போக, 1636இல் கட்டத் தொடங்கி 1647இல் முடித்தது. வாசலுக்கு அருகே பொதுத் தராசு இருந்ததால் ட்ரோன் என்று பெயர், எங்கள் வழக்கில் தராசடிக் கோயில் என்றிருப்போம். 1785இல் புதிய பாலத்தெருவுக்காகப் பக்கங்களை வெட்டிச் சுருக்கினார்கள், 1824 பெருந்தீயில் கோபுரம் எரிந்தது, 1828இல் புதியது எழுந்தது, 1952இல் மூடினார்கள். 1974இல் தரையைத் தோண்டியபோது, தேவாலயம் கட்டுவதற்காக இடித்து மூடிய ஒரு பழைய சந்து, மார்லின்ஸ் வைண்ட், கல் பாவிய தரையோடு அப்படியே கிடந்தது. சபையோ பெயரையும் தூக்கிக்கொண்டு நகரின் தெற்கே மோர்டன் என்ற குடியிருப்புக்குப் போய்விட்டது. தராசு இருந்த இடத்தில் கட்டடம், தராசின் பெயர் வேறிடத்தில். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் நேரே மோர்டனில் போய் இறங்குவார்.

ஆகவே நீங்கள் தேடுகிற சபை மூடிய பிறகு எதோடு சேர்ந்தது என்று கேளுங்கள். அந்தச் சபைக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பழைய படம், நூற்றாண்டு மலர், திருவிருந்துக்கு அனுமதி அடையாளமாகக் கொடுத்த சின்ன ஈய வில்லைகள் எல்லாம் அநேகமாக அவர்களிடம் ஒரு அலுமாரியில் கிடக்கும். எனக்கு நாலாம் நாள் பதில் வந்தது, கூடவே ஒரு படம்: மருமகளின் சமையலறை இருக்கிற இடத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். மருமகளுக்கு 18ஆம் நூற்றாண்டு போனதில் கொஞ்சம் கவலை, விலையைப் பேச இது உதவுமா என்று அடுத்த நிமிடமே கேட்டாள். அக்காவுக்கு நான் முதல் பக்கத்தைக்கூட வாசிக்கவில்லை.

"அப்ப சேமக்காலை?"

"தெருவின்ர மற்றத் தொங்கல்ல அக்கா. அதுவும் நகரசபைக்குச் சொந்தம்."

"அப்ப வாங்கச் சொல்லு" என்றா.